எந்த ஜெயா என்று அவர் கேட்கவில்லை

என் பெயர் லோகேஸ்வரி, த/பெ மாணிக்கம். வயது 57. டத்தோ கிராமாட்டில் குடியிருக்கிறேன். கப்பல் நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை. என்னைக் காணவில்லை என்று என் கணவர் வாசு நேற்றுக் கொடுத்த புகார் தொடர்பாக, ஜார்ஜ் டவுன் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். யாரும் என்னைக் கடத்தவில்லை. நான் ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன்.

ஏன் என்று இன்ஸ்பெக்டர் யுகேந்திரன் கேட்டதால் சொல்கிறேன். நான் சிரித்துப் பேசுகிறவள். நான்கைந்து வருடமாகக் கன்னம் தொங்கி, வாயோரம் இறங்கி, சும்மா இருந்தாலே அழுமூஞ்சி ஆகிவிட்டேன். லிஃப்டில் ஏறினால் "ஏன்க்கா, வீட்டுல பிரச்சினையா?" என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையும் கிடையாது. என் முகம்தான் ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தது. எரிச்சலாக வரும்.

அதன் பிறகு இந்த அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் நோர்மாவைப் பார்த்தேன். செய்தது யாருக்கும் தெரியக் கூடாது, இழுத்துக் கட்டின பொம்மை மாதிரி ஆக்கிவிடாதீர்கள் என்றேன். அவர் என் பழைய படங்களைக் கேட்டார். தினமும் போடும் கம்மலோடு வரச் சொன்னார். தோலை மட்டும் இழுத்தால் காது மடல் கன்னத்தோடு இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், உள்ளே இருக்கும் தசையைத்தான் தூக்கித் தைக்க வேண்டும் என்றார். கண்ணோரச் சுருக்கத்தைத் தொட்டு, இது நீங்கள் சிரித்துச் சிரித்து வந்தது, இதை விட்டுவிடுவோம் என்றார். அப்போதே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு கணவரிடம், "மூணு வாரம் ஜெயாவுக்குப் போயிட்டு வரேன்" என்றேன். என் தம்பி இருப்பது நாலு மணி நேரப் பயணத்தில், பெட்டாலிங் ஜெயாவில். என் சிநேகிதி காமாரியா இருப்பது இங்கிருந்து கடல் பாலத்துக்கு அந்தப் பக்கமே, செபராங் ஜெயாவில். எந்த ஜெயா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதைப் பொய் என்று எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாததற்குக் காரணம் பயம்தான். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவர் என்னைப் பார்த்து, யாரோ என்று முழித்துவிட்டால் என்ன செய்வேன்?

அதன் பிறகு சிகிச்சை முடிந்து காமாரியா வீட்டில் இருந்தேன். தையல் பிரிக்கும்வரை சிரிக்கக் கூடாது என்று மிரட்டிவிட்டு, அவளே கதை சொல்லிச் சிரிக்கவைப்பாள். வீக்கமும் கன்றிய நிறமும் மெல்ல வடிந்தன.

நேற்று இருவரும் காய்கறி வாங்கப் பசாருக்குப் போனோம். கைப்பேசியை வீட்டிலேயே சார்ஜில் விட்டுவிட்டேன். அதே நேரம் என் கணவர், எனக்குப் பிடித்த ஜாதிக்காய் ஊறுகாயோடு சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். "அக்கா இங்க வரவே இல்லையே மச்சான்" என்றானாம் அவன். முப்பத்தொரு தடவை எனக்கு அழைத்திருக்கிறார். அதன் பிறகு அங்கேயே போலீசில் புகார் கொடுத்துவிட்டார்; வீடு இங்கே என்பதால் அது இந்த நிலையத்துக்கு வந்திருக்கிறது. நான் திரும்பி வந்து அழைத்தேன்.

"எங்கடி இருக்க?"

"ஜெயாவுலதான்."

"நானும் ஜெயாவுலதான்லா நிக்கிறேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அழுதுவிட்டார். நான் சிரித்ததற்காக மட்டும் வெட்கப்படுகிறேன்.

ராத்திரியே பஸ் ஏறி வந்து, இன்று காலை இந்த நிலையத்தில்தான் அவர் என்னைப் பார்த்தார். அவர் நேரே வந்து கையைப் பிடித்து, "சாப்பிட்டியா? நல்லா தூங்கியிருக்க போல" என்றார். அதன் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். என்னைச் சுற்றி வந்து இரண்டு காதையும் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே, உன்னை ஏமாத்திட்டாங்களா?" என்றார். ஐயோ, நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அதன் பிறகு புகாரை முடிப்பதற்காக, அவர் கொடுத்திருந்த அடையாளங்களை இன்ஸ்பெக்டர் வாசித்துச் சரிபார்த்தார். உயரம் ஐந்தடி இரண்டு. மாநிறம். தனி அடையாளம் என்ற இடத்தில், "எப்பவும் சிரிச்ச முகம்" என்று இருந்தது. அவர் கடைசியாகப் பார்த்திருந்தது என் பழைய முகத்தை. இன்ஸ்பெக்டரை அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். அழுதேன். செய்துகொண்டதற்கு வருத்தமில்லை. அவருக்குத் தெரிந்தது இனி லிஃப்டில் வருகிறவர்களுக்கும் தெரியும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், நடந்ததை நடந்தபடி நானே சொன்னேன் என உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன். தனி அடையாளம் எழுதிய அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் வேண்டும்.

(ஒப்பம்) லோகேஸ்வரி