எட்டாயிரம் ஸ்டெப்

– அதைக் கீழ வைங்க அத்தான். சாப்பிட வாங்க. சோறு ஆறிப் போச்சு.

– இரு வாலு, ஒரே நிமிஷம். இந்தப் படத்தைப் பாரு. நீலக் கம்பி ஒவ்வொண்ணும் ஒரு நாள். கம்பி உசரமா இருந்தா உங்க அக்கா அன்னிக்கு நிறைய நடந்திருக்கான்னு அர்த்தம்.

– அவ போய் இருபது நாளாச்சு. இருபது நாளா இதையேதான் பார்க்கிறீங்க. போனை அலமாரியில வெச்சுப் பூட்டிடப் போறேன்.

– பூட்டிக்க. என் போன்லயும் இதே கணக்கு வரும். நான்தானே ரெண்டையும் சேர்த்து வெச்சேன். டாக்டர் பத்து கிலோ குறைக்கணும்னு சொன்னதும் ஆப்பைப் போட்டு, வாட்ச்சைக் கட்டி, எடை மெஷினையும் அதோட இணைச்சுட்டுத்தான் லிஃப்ட் வேலைக்கு வெளியூர் கிளம்பினேன். இங்க அவ நடந்தா, அங்க லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிற எனக்குத் தெரியும்.

– குழிக்குள்ள சிக்னல் கிடைக்குமா?

– உங்க அக்காவும் இதையேதான் கேட்டா. மேல ஏறினதும் வந்துடும்னேன். 'என் நடையைப் பார்க்கப் பதினெட்டு மாடி ஏறுறீங்களா? அப்ப உங்களுக்குத்தான் இளைக்கும்'னா.

– அவளுக்கு வாய் மட்டும் குறையாது.

– வாலு, ஒண்ணு கேட்கிறேன். மறைக்காம சொல்லு. நான் நடக்க வெச்சே அவளைக் கொன்னுட்டேனா?

– என்ன பேச்சு அத்தான் இது!

– ஆஸ்பத்திரிக் காகிதத்துல இதயம் நின்னு போச்சுன்னு போட்டிருக்கு. நாலு மாசமா தினம் எட்டாயிரம் ஸ்டெப். இப்படி வெச்சுக்க, பத்து பேர் ஏற வேண்டிய லிஃப்ட்ல தினமும் பதினஞ்சு பேரை ஏத்தினா கயிறு உடனே அறுந்துடாது. உள்ளுக்குள்ள இழை இழையா விட்டுப் போகும். வெளியில பளபளன்னுதான் இருக்கும். ஒரு நாள் பட்டுன்னு... அப்படித்தான் பண்ணிட்டேனோன்னு இருக்கு.

– இல்ல. சத்தியமா இல்ல.

– உனக்கு எப்படித் தெரியும்? காலையில கிடங்குக்குப் போனா சாயந்திரம்தானே வீட்டுக்கு வருவே?

– தெரியும். விடுங்க.

– விட முடியலை. ஏதோ இடிக்குது. உட்காரு, சொல்றேன். இந்த வாட்ச்சுக்குள்ள தலைமுடியை விட மெல்லிசா ஒரு நாக்கு இருக்கு. கை ஆடினா அதுவும் ஆடும். ஒரு ஆட்டம், ஒரு ஸ்டெப். போன் பக்கத்துல இல்லேன்னாலும் எண்ணி வெச்சுக்கும், எத்தனை மணிக்கு எத்தனைன்னு. போன் கிட்ட வந்ததும் மொத்தத்தையும் கொட்டிடும். புரியுதா?

– புரியுது. அதுக்கு என்ன இப்ப?

– போனும் வீட்டுலதான் இருக்கு, வாட்ச்சும் வீட்டுலதான் இருக்கு. நடக்க நடக்க கணக்கு ஏறணும் இல்லையா? ஏறலை. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல ஒரே மூட்டையா வந்து விழுந்திருக்கு.

– போனை எங்கயாவது வெச்சுட்டு மறந்திருப்பா.

– சரி, அப்படியே வெச்சுக்குவோம். இந்த மணிக்கணக்கைப் பாரு. எட்டு மணிக்கு ஆரம்பிக்குது. ஒரு மணிக்கு நிக்குது. ஒண்ணரைக்குத் திரும்ப ஆரம்பிக்குது. அஞ்சுக்கு முடியுது. வாரத்துல ஒரு நாள் மட்டும் ஆயிரத்தைக்கூடத் தாண்டலை. அன்னிக்கு ஓய்வுன்னு சொன்னா, நானும் சரின்னேன். வீட்டுல உட்கார்ந்து துணி தைக்கிற பொம்பளை இப்படியா நடப்பா? இது நடைப் பயிற்சி இல்ல வாலு. இது ஷிஃப்ட்.

– சோறு போடட்டுமா?

– கடைசி நாளைப் பாரு. பதினொண்ணு அஞ்சுக்கு உயிர் போச்சுன்னு காகிதம் சொல்லுது. பதினொண்ணு இருபதுக்கு இந்த வாட்ச் நிமிஷத்துக்கு நூத்தி எழுபது ஸ்டெப் எண்ணியிருக்கு. அது நடை இல்ல, ஓட்டம். உயிர் போனவ எப்படி ஓடுவா?

– நான்தான் ஓடினேன்.

– என்ன சொல்றே?

– மேல் தட்டுல ஏறிப் பெட்டி எடுத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் போன் பண்ணாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம், உடனே வான்னாங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். பஸ் இல்ல. அப்படியே ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினேன். கையில வாட்ச் இருந்த ஞாபகமே இல்ல.

– எத்தனை நாளா உன் கையில இருக்கு?

– நாலு மாசமா. ஒரு நாளைக்குன்னு சொல்லித்தான் கட்டிவிட்டா. அதுக்கு முந்தின நாள் அவளால முடியலை, நானூறு ஸ்டெப்தான். நீங்க போன்ல கத்தினீங்க, இப்படிச் சோம்பேறியா உட்கார்ந்திருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு. 'அந்த மனுஷன்கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லடி. நீ எப்படியும் நாள் பூரா நடக்கிறே, இதையும் கட்டிக்கிட்டுப் போ'ன்னா. சாயந்திரம் பார்த்தா எட்டாயிரத்து எழுநூறு. 'சபாஷ்டி என் ராணி'ன்னு அனுப்பினீங்க. அதைப் படிச்சுட்டு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

– சிரிச்சீங்களா?

– அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சும் கையை எடுக்கலை. வலிக்குதுடின்னு அப்பத்தான் முதல் தடவையா சொன்னா. மறு வாரம் டாக்டர்கிட்ட போனோம். உள்ள கட்டி. முத்திப் போச்சு, ஆறு மாசம் தாங்கினா பெரிசுன்னுட்டார்.

– இதயம்னுதானே சொன்னே!

– எல்லாருக்கும் கடைசியில இதயம்தானே அத்தான் நிக்கும்.

– ஏன் எங்கிட்ட சொல்லலை? வேலையாவது ஒண்ணாவதுன்னு தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேனே!

– அதுக்குத்தான் பயந்தா. 'வந்தா பக்கத்துல உட்கார மாட்டார்டி. என்னைக் கழட்டிப் போட்டு எங்க பழுதுன்னு தேடுவார். இருக்கிற கொஞ்ச நாளும் டாக்டர் டாக்டரா அலைஞ்சே போயிடும்'னா. தினம் சண்டை போட்டேன். 'நானா சொல்ல மாட்டேன்'னு ஒரே பிடியா நின்னுட்டா.

– சாப்பாட்டுக் கணக்கு? காலையில ரெண்டு முட்டை, மத்தியானம் ஒரு கப் சோறு, ஒரு ஆப்பிள்னு ஒண்ணு விடாம எழுதியிருக்காளே?

– எழுதினது அவ. சாப்பிட்டது நான். அவளுக்குத் தண்ணிகூட இறங்கலை. நான் வந்ததும் 'இன்னிக்கு என்னடி தின்னே'ன்னு கேட்டுக் கேட்டு எழுதுவா. ஒரு நாள் ரெண்டு ஐஸ்கிரீம்னேன். 'அடிப்பாவி, எனக்குல்ல திட்டு விழும்'னு ஒண்ணுதான் போட்டா.

– வீடியோவுல பார்த்தேனே... கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. கல்யாணத்தப்ப இருந்த மாதிரியே ஆயிட்டேடின்னு சொன்னேனே வாலு.

– சொன்னீங்க. போனை வெச்சதும் கண்ணாடி முன்னாடி போய் நின்னா. ரொம்ப நேரம் நின்னா.

– நடை உன்னோடது. சாப்பாடு உன்னோடது. நாலு மாசமா அவளைப் பார்க்கிறதா நினைச்சு உன்னைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். இதுல அவளோடதுன்னு ஒண்ணுகூட இல்லையா? எல்லாமே பொய்யா?

– எடை மட்டும் பொய் இல்ல அத்தான்.

– எடையா?

– தினம் காலையில அவளே மெஷின்ல ஏறி நிப்பா. கடைசி வாரம் நான்தான் தூக்கி நிறுத்தினேன். சுவத்தைப் பிடிச்சுக்கோன்னா கேட்க மாட்டா. பிடிச்சா கணக்கு தப்பா காட்டும்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களாம்.

– பதினாலு கிலோ. நாலு மாசத்துல பதினாலு கிலோ. நான் ஒவ்வொரு கிலோவுக்கும் கை தட்டுற பொம்மை அனுப்பினேன் வாலு. கூட வேலை செய்யறவங்ககிட்ட எல்லாம் காட்டினேன்.

– எடையையும் நானே ஏறி நின்னு மாத்திடறேன்னு சொன்னேன். வேண்டாம்னுட்டா. 'அதுல கை வைக்காதே. லிஃப்ட் கொஞ்சம் வேகமா இறங்கினாலே நிறுத்திப் பார்க்கிற மனுஷன். இது ஏன்டி இவ்வளவு வேகமா இறங்குதுன்னு ஒரு நாளாவது கேட்பார். கேட்டார்னா, அன்னிக்கே வரச் சொல்லிடறேன்'னா.