நடக்காததும் விலங்குதான்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, அலுவலகத் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! பேசத் தெரிந்தவர் போய்விட்டார். உளறத் தெரிந்த நான் நிற்கிறேன்.

நம் தலைமை நிரலாளர், நம் 'சரிபார் அண்ணன்' போய்விட்டார்! எதைக் காட்டினாலும் "இன்னொரு தடவை சரிபார்" என்ற அந்தக் குரலை இனி எங்கே கேட்போம்?

இந்த விலங்கு மருத்துவமனைக்கு நாங்கள் மென்பொருள் எழுதிய காலம். 'விலங்கு' என்று ஒரு தாய் கிளாஸ், அதாவது எல்லா விலங்குக்கும் பொதுவான ஒரு நிரல் வார்ப்பு, எழுதினேன். நாய், பூனை, பாம்பு எல்லாம் அதன் பிள்ளைகள். தாய்க்கு உள்ளதெல்லாம் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். அந்தத் தாய்க்குள் 'நட' என்று எழுதி வைத்த மேதை நான்தான்! சிகிச்சை முடிந்த விலங்கு நடந்ததாகப் பதிந்தால்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். வரவேற்பறைப் பெண் தொலைபேசியில் கத்தினார்: "சார், பாம்பு நடக்கலைன்னு உங்க மென்பொருள் வெளிய விட மாட்டேங்குது!"

பாம்பு நடந்துவிட்டதாகப் பொய் சொல்லும்படி மாற்றப் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்தார். "பாம்பு மேல என்னப்பா தப்பு? நடக்கறதை மேல, தாய்க்குள்ள எழுதினது நீ. அதைத் தனி இன்டர்ஃபேஸா, ஒரு ஒப்பந்தம் மாதிரி வெளியில வை. நடக்கறதெல்லாம் அதுல கையெழுத்துப் போடட்டும். நடக்காததும் விலங்குதான்." அன்றே 'நடப்பவை' என்று தனியாக எழுதிக் கொடுத்தார். பாம்பு வீடு போய்ச் சேர்ந்தது.

நான் கற்றுக்கொண்டேனா? இல்லையே!

சென்ற ஆண்டு அண்ணனைப் பக்கவாதம் சாய்த்தது. படுத்தபடியே, ஒற்றைக் கையால், பறவைகளுக்கான பகுதியை எழுதிக்கொண்டிருந்தார். நானோ குழுத் தலைவன். அலுவலகம் வருவோர் மட்டுமே குழுவினர் என்று விதி போட்டு, அவர் பெயரை நீக்கிக் கையொப்பமிட்டேன். அவரிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: "நடக்கறதை மறுபடியும் மேல எழுதிட்டியேப்பா. சரிபார்."

நேரில் போய் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். திங்கள் போகலாம், வியாழன் போகலாம் என்று நாளைக் கடத்தினேன். எந்த முகத்தோடு போவது? அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணி, அந்தப் பாவி நான்தான்.

தோழர்களே! அவர் பாதியில் விட்ட பறவைகள் பகுதியை நாம் முடிப்போம். அதில் பறப்பது தனியாகவே இருக்கும். சிறகொடிந்து வருவதும் நமக்குப் பறவைதான். இது அண்ணன் மீது ஆணை!

இன்று காலை அந்த விதியை அழித்தேன். குழுப் பட்டியலில் முதல் பெயர் மீண்டும் அவருடையது.

சரிபார்த்துவிட்டேன், அண்ணா. தாமதமாகத்தான்.