நாலு பவுன் ஆரம்

அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் நான்கு பேர் இருந்தோம். லைன் லீடர் மஞ்சுளா, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த செல்வி, தூங்கி வழிந்த கேன்டீன் அம்மா, ஜன்னலோரம் நான்.

மத்தூரில் நடந்த கொழுந்தன் நிச்சயதார்த்தத்துக்கு மஞ்சுளாவிடம் வாடகைக்கு வாங்கிய ஆரத்தைச் செல்வி டப்பாவோடு திருப்பிக் கொடுத்தாள். மஞ்சுளா திறந்து பார்த்தாள். பதக்கம் செம்பு நிறத்துக்கு வந்திருந்தது.

“என்னாடி பண்ணி வெச்சிருக்கே?”

“வேர்வை பட்டுச்சேன்னு பூந்திக்கொட்டை தண்ணில ஊறப்போட்டு பிரஷ்ஷால தேச்சேன்க்கா. எங்கம்மா நகையை அப்படித்தான் கழுவுவா.”

“கவரிங்கைப் போயி யாராச்சும் ஊறப்போடுவாங்களா? பஞ்சால தொடச்சு வெக்கணும். நகை போட்ட கழுத்தா இருந்தா தெரிஞ்சிருக்கும்!”

“கவரிங்கா? நாலு பவுனுன்னு சொல்லித்தான வாடகை பேசினிய? தொலைஞ்சிருமோன்னு ஜாக்கெட்டோட ஊக்கு குத்திக்கிட்டு, பந்தியில குனியாம சாப்பிட்டேன்.”

“மெதுவா பேசுடி.”

கேன்டீன் அம்மா கண்ணைத் திறந்தார். “நாலா? என்கிட்ட ஆறு பவுனுன்னியே மஞ்சுளா?”

என் கை தானாகப் போய் என் செயினை மூடிக்கொண்டது. அடுத்து, இது எத்தனை பவுன் என்று என்னைக் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

ஜூஜுவாடியில் செல்வி இறங்கினாள். மஞ்சுளா என் மேல் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே கத்தினாள்.

“மீதி வாடகை எங்கடி?”

“தங்கத்துக்குப் பேசின வாடகை அது. தங்கத்தைக் கொண்டாங்க, தாரேன்.”

பஸ் கிளம்பிவிட்டது. பாக்கி நானூறு ரூபாய்.