அக்கா அழுத காட்சி

பந்தைக் குதிக்க வைப்பது சுலபம் சார். அனிமேஷன் கற்றுக்கொள்ள உட்காருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். தரையில் படும்போது கொஞ்சம் நசுக்கி, எழும்போது கொஞ்சம் இழுத்துவிட்டால் பந்துக்கு உயிர் வந்துவிடும். நான் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. அக்கா வீட்டு மாடியறையில், பழைய கம்ப்யூட்டரில், இன்டர்நெட்டில் சும்மா கிடைத்த பாடங்களைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். பந்துக்குப் பிறகு நடை. அதற்கு அத்தான்தான் மாடல். பெயின்ட் வாளியோடு அவர் வேலைக்குப் போவதை மேலிருந்து பார்த்து வரைவேன். வாளி பிடித்த பக்கம் தோள் சற்றே இறங்கியிருக்கும்.

அத்தான்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பெரிய கட்டடங்களில் சாரம் கட்டி நின்று பெயின்ட் அடிக்கிறவர். வேலைவெட்டி இல்லாமல் பொம்மை போடுகிறான் என்று தெருவே என்னைக் கிண்டலடித்தபோது, அவன்பாட்டுக்குச் செய்யட்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அக்கா வீட்டிலேயே தையல் தைத்தாள். நான் தின்றதை இருவரும் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

பிறகு ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சோதனை வைத்தார்கள். ஒரு பெண்ணுக்குத் துக்கச் செய்தி வருகிறது. அவள் முகத்தை வரைந்து அசைய வைக்க வேண்டும். ராப்பகலாக உழைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலாளி பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"கண்ணீர் இருக்கு தம்பி. அழுகை இல்ல," என்றார். "அப்புறம், உனக்கு எல்லாமே கொஞ்சம் முந்துது. செய்தி வர்றதுக்கு முன்னாடியே முகம் மாறுது. தானா கத்துக்கிட்டவங்களுக்கு இது இருக்கும். சரிபண்ணி எடுத்துட்டு வா."

நியாயமான பேச்சு. கண்ணாடி முன் நின்று அழுது பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. கல்லூரியில் என்றால் கூடப் படிக்கிறவர்கள் நடித்துக் காட்டுவார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள், அக்காவை விட்டால்?

அலமாரியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு, அத்தான் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போய்விட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அலறவில்லை. தையல் மெஷினை நிறுத்தினாள். பல்லில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்திவைக்கும் பஞ்சுப் பொதியில் குத்தினாள். கடைசி ஊசிக்கு அப்புறம்தான் முகம் உடைந்தது. எந்தப் பாடத்திலும் அது கிடையாது. எனக்கு மெய்சிலிர்த்தது. ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார்கள், அது வேறு பெயின்டர் என்று உடனே சொல்லிவிட்டேன். ஸ்கேலால் அடித்தாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். இனி எவன் என்ன சொன்னாலும் முதலில் அவருக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் நம்புவேன் என்றாள். தன் ஆயுசு கெட்டி என்று அத்தான் இரவு சாப்பாட்டின்போது பெருமையடித்துக்கொண்டார்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தால் முகம் ஒரே கறுப்பு. அவளுக்குப் பின்னால் சன்னல்.

மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் அவள் போன் போடுவாள், அவர் எடுப்பார். ஆகவே இரண்டாவது தடவை செய்தி உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

மெஷினை இடம் மாற்றிச் சன்னலைப் பார்க்கப் போட்டேன். கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். மறுநாள் அத்தானுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் கைகழுவப் போன நேரத்தில் மேல்தட்டுக்கு ஏறிச் சாரக்கயிற்றைத் தளர்த்தினேன். கால் உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கால் உடைந்ததற்கு அந்த முகம் வராது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்தே நினைத்தேன்.

அவர் சாப்பிட்டு முடித்து எப்போது ஏறுவார் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மூச்சு வாங்கினால் காட்சி கெட்டுவிடும் என்று ஓடவில்லை. போனை வைத்தேன். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. அதே வார்த்தைகளில் சொன்னேன்.

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "போடா, ஒரு தடவை ஏமாந்தது போதும்," என்று சிரித்துக்கொண்டே தைத்தாள். மறுபடியும் சொன்னேன். தையலை முனைவரை ஓட்டி நூலைக் கடித்தாள். போனைத் தொடவே இல்லை. பெயின்டர்கள் ஓடிவந்து வாசலில் நின்றபோதுதான் எழுந்தாள், அதுவும் வாசல் பக்கம் திரும்பி. வீடியோவில் முதுகுதான் இருக்கிறது.

அந்த முதுகையே வரைந்து கொடுத்தேன். ஸ்டுடியோ முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை கொடுத்தார்.

நீங்கள் என் போனை வாங்கி, வீடியோவில் பதிந்திருந்த நேரத்தைப் பார்த்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. நான் செய்தி சொல்லும்போது அத்தான் கீழே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஏறியிருக்கிறார். முதலாளி சொன்னது சரிதான், எனக்கு எப்போதும் கொஞ்சம் முந்திவிடுகிறது.

ஒன்றுதான் எனக்கு வருத்தம். அக்கா ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவர் எடுத்திருப்பார், நான் பொய்யன் என்று ஆகியிருப்பேன், அதோடு போயிருக்கும். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவள், "தம்பி ஓடிவந்து சொன்னான், நான்தான் நம்பல," என்று தலையில் அடித்துக்கொள்கிறாளாம். அவளைக் குறைசொல்ல மாட்டேன். மனிதர்கள் தப்பு செய்வார்கள்.

செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அவளிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். சொல்ல வேண்டாம் சார், நானே சொல்கிறேன். இந்த மாதிரி விஷயத்தை அவள் அந்நியர் வாயால் கேட்கக் கூடாது. என்னை விட்டால் அவளுக்கும் யார் இருக்கிறார்கள்? அந்த நேரத்துக்கு மட்டும் என் போனைக் கொடுத்தால் போதும்.