சமையலறை மூலைத் தூண்

உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. உங்களுக்குப் பின்னால் சுவரில் பூச்சு உப்பியிருக்கிறது. உடனே விழாது, பயப்பட வேண்டாம். உள்ளே வந்ததும் தட்டிப் பார்த்துவிட்டேன், பழக்கதோஷம்.

இருபத்தாறு வருடமாக வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறேன். வீடு வாங்கக் கடன் கேட்டால், கொடுக்கிற நிறுவனம் என்னைத்தான் முதலில் அனுப்பும். நான் போய் நடுவிரல் கணுவால் சுவரைத் தட்டுவேன். கெட்டியான சுவரில் விரல் வலிக்கும். உள்ளே பிடிப்பு விட்டுப்போன சுவர் டொப்பென்று சத்தம் கொடுக்கும். என் மனைவி கேலி செய்வாள்: "என்னைப் பாத்ததைவிட சுவரைப் பாத்ததுதான் அதிகம். நானும் நாலு விரிசல் விட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்பீங்க."

பிறகு செயலி வந்தது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தால் போதும். அளவெடுக்கும், ஜன்னலை எண்ணும், அக்கம்பக்கத்தில் விலைபோன வீடுகளோடு ஒப்பிடும், வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரையைப் பார்க்கும். நாலு விநாடியில் மதிப்புச் சொல்லிவிடும். "நீங்க படம் மட்டும் எடுங்க சார், மத்ததை அது பாத்துக்கும்" என்றார் மேலாளர். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பதினோரு மதிப்பீட்டாளர்கள் இருந்த இடத்தில் இரண்டு பேர் மிஞ்சினோம்.

எனக்குப் பயம் வந்தது. அலுவலகக் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேறு வேலை தெரியாது. அந்தச் செயலி ஒரே ஒருமுறை தப்புப் பண்ணினால் போதும் என்று அங்கே உட்கார்ந்துதான் நினைத்தேன். சின்னத் தப்பென்றால் ஒரு திருத்தம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெரிதாக இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் வாங்கவிருந்த வீட்டுக்குப் போனேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. அவளும் காது மந்தமான அவள் அப்பாவும்தான் குடிவர இருந்தார்கள். காலி வீடு. நான் தட்டிக்கொண்டே போவதை அவள் பின்னாலேயே வந்து பார்த்தாள்.

"நானும் இப்படித்தாண்ணே. மெஷின்ல நரம்பு தெரியும், ஆனா விரலால தட்டிப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

சமையலறை மூலையில், மேல்தளத்தைத் தாங்குகிற தூண். புது வெள்ளை வண்ணத்துக்கு அடியில் துரு நிறத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. தட்டினேன். உள்ளே கம்பி துருப்பிடித்து, மேலே இருக்கிற காரை அதை விட்டுப் பிரிந்திருந்தது. கைக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்காண்ணே?"

"நல்லா இருக்கும்மா" என்றேன். செயலியில் சத்தத்தைப் பதிவு செய்ய இடமே கிடையாது, அதை நீங்களே திறந்து பார்க்கலாம்.

வீட்டின் உறுதிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்று செயலி மதிப்பெண் போட்டது. அடுத்த மாதமே குடிவந்தார்கள். அப்பாவுக்குச் சமையலறைப் பக்கத்து அறை.

அதன்பிறகு வாரம் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய் வந்தேன். முனை திரும்பும்போது நெஞ்சு படபடக்கும். வீடு நின்றுகொண்டிருக்கும். அப்போது வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அவளிடம் என் எண் இருந்தது. தரையில் ஒரு ஓடு வெடித்துக் கிளம்பிவிட்டது என்று கூப்பிட்டாள். வெயிலுக்கு அப்படித்தான் என்றேன். இரண்டு மாதம் கழித்து, சமையலறைக் கதவு சாத்த வரவில்லை என்றாள். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றேன். மூடி வைத்த பாத்திரத்தின் மேலெல்லாம் வெள்ளைத் தூள் விழுகிறது என்றாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. இன்னும் எத்தனை நாள் என்று எனக்குச் சுமாராகக் கணக்குத் தெரியும். அவளிடம் துடைத்துவிடச் சொன்னேன்.

கடைசியாகக் கூப்பிட்டது ஒரு காலையில்.

"அண்ணே, தூண்லேருந்து பட்டு பட்டுன்னு சத்தம் வருது. அப்பாவுக்குக் கேக்கல, தூங்கிட்டிருக்காரு. பயமா இருக்குண்ணே. அவரைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. பழைய பூச்சு, அப்படித்தான் சத்தம் விடும். பெரியவரை ஏன் எழுப்புற? நான் வந்து பாக்குறேன்."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான்."

போனேன் ஐயா. குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது புழுதி இன்னும் அடங்கவில்லை. மேல்தளம் சமையலறை மேல் படுத்திருந்தது. தெருவில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை.

இயந்திரத்தை நம்பி இரண்டு உயிர் போய்விட்டது என்று எல்லோரும் பேசினார்கள். ஒரே வாரத்தில் செயலியை நிறுத்தினார்கள். வேலை போன ஒன்பது பேரும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவராக என்னைக் கட்டிக்கொண்டார்கள். மேலாளர் கண் கலங்கிப்போய், "உங்க விரலை நாங்க மதிக்கல சார்" என்றார்.

இப்போது நீங்கள் இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். செயலியின் பதிவு இவ்வளவு நாள் அழியாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆமாம், நான் வீட்டைப் பார்க்கப் போன அன்று பதினொன்று இருபதுக்கு அது அந்தத் தூணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டது. நெருங்கிப் போய் இன்னொரு படம் அனுப்பச் சொன்னது. இரண்டு முறை கேட்டது. நான் எதிர் மூலைத் தூணைப் படமெடுத்து அனுப்பினேன். நேரில் தொட்டுச் சரிபார்த்தீர்களா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். வட்டம் பச்சையானது. அதுவும் அவளைப் போலவே என்னை நம்பிவிட்டது.

வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் பார்த்து மதிப்புப் போட்டதால்தான் இவ்வளவும் நடந்தது. விஷயம் தெரிந்த ஒரு மனிதன் நேரில் போய் அந்தத் தூணைத் தட்டிப் பார்த்திருந்தால், அவளும் அவள் அப்பாவும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.