கைடு சொன்ன வேர்ச்சொல்

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் பஸ் தோப்பும்படி பாலத்தில் நின்றுவிட்டது. எனக்கு முன்சீட்டில் இருவர் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவரின் கழுத்தில் டூரிஸ்ட் கைடு அட்டை தொங்கியது.

"இனி நான் தமிழ்ப் பெருமை பேசினா செருப்பால அடி, மச்சான்" என்றார் அவர்.

"என்னாச்சு?"

"போர்ச்சுகீஸ்ல 'ஷெகார்'னா வந்து சேர்றது. அது நம்ம 'சேர்'லேர்ந்துதான் போச்சுன்னு எட்டு வருஷமா அந்த நாட்டுக்காரங்ககிட்டயே சொல்லிட்டிருக்கேன்."

"இல்லையா?"

"இன்னைக்கு சாயா குடிக்கறப்ப லிஸ்பன்லேர்ந்து வந்த ஒரு டீச்சரம்மா தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அதோட வேர் லத்தீனாம், அங்க அதுக்கு மடிக்கிறதுன்னு அர்த்தமாம். கரை வந்ததும் கப்பல்ல பாயை மடிப்பாங்கள்ல, அதுலேர்ந்து வந்துச்சாம். என் மனசு நோகக் கூடாதுன்னு அவ்ளோ மெதுவாச் சொன்னாங்க."

"சரி, விடு. அடுத்த குரூப்புக்கு மாத்திச் சொல்லிட்டேல்ல?"

அவர் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"'சேர்'னுதான் வாய்ல வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. திரும்பிப் பாத்தா, மட்டாஞ்சேரி அரண்மனை வாசல்ல அந்த டீச்சரம்மா. அவங்களும் கை தட்டிட்டிருந்தாங்க."