சுத்துக்கேணி வண்டியின் ஹாரன்

நடுப்பகல் பன்னிரண்டு மணி. வில்லியனூரிலிருந்து சுத்துக்கேணிக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் கரும்பு. காற்று இல்லை. ஒரு காக்கை கூட இல்லை...

ராத்திரியில்தான் இதெல்லாம் வரும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது உச்சி வெயிலில் நடந்தது. எழுபத்து நாலாம் வருஷம். இதோ, இந்த ராசுவின் பெரியப்பா மகன் மணவாளனுக்கு.

"சத்தியம்பா," என்றான் ராசு. "அவரையே கேட்டுப் பாரு. ஆனா வாயத் தொறக்க மாட்டாரு."

மணவாளனுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் கடை. வண்டிகளுக்கு ஒயரிங் வேலை, பேட்டரிக்கு சார்ஜ் போடுகிற வேலை. எந்த வண்டியாக இருந்தாலும் கரண்ட் எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவான். அவனாலேயே கண்டுபிடிக்க முடியாத ஒன்று அந்த வருஷம் வந்தது. சுத்துக்கேணியில் நிற்கும் ஒரு கார். யாரும் தொடாமலே அதன் ஹாரன் அடித்தது. தினமும் உச்சி வேளையில், ஒரே ஒரு தடவை.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வண்டி அது. சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேல் மடக்குகிற கித்தான் கூரை. ஸ்டியரிங் இடது பக்கம். கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை குழந்தைவேல் ஆசைப்பட்டு வாங்கி, திருடன் வந்தால் கூவுகிற மாதிரி தானே ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தான். அதற்கு முந்தின சித்திரையில் அந்த வண்டியிலேயே, அந்தச் சாலையிலேயே, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி செத்துக் கிடந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

மணவாளனைக் கூப்பிட்டு அனுப்பியது குழந்தைவேலின் மனைவி ஆதிலட்சுமி. அவள் அழவில்லை. கிணற்றடியில் பாத்திரத்தை எண்ணிச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஹாரன் அடிச்சா அத்தை சோத்துத் தட்ட எடுத்துக்கினு ஓடுறாங்க அண்ணே. புள்ள சாப்பாட்டுக்கு வந்து கூப்புடுதாம். போறதுக்குள்ள சத்தம் நின்னு போவுது. அப்புறம் அவங்களும் சாப்புடறதில்ல. எலும்பாயிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல இவங்களும் போயிடுவாங்க. எப்படியாவது நிறுத்துங்க."

அந்த அத்தை, குழந்தைவேலின் அம்மா தையலம்மாள், வண்டி நிற்கும் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். "எம் புள்ள குரல அறுக்கவா வந்த?" என்றாள். "கைய வச்ச... வெரல ஒடைப்பேன்."

"அறுக்கல ஆத்தா. தொடச்சு வெக்கறேன்," என்றான் மணவாளன்.

அந்த ஏற்பாடு எளிமையானது. இரண்டு பக்கமும் கதவு வந்து மூடுகிற சட்டத்தில் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும், உள்ளே ஸ்பிரிங் வைத்தது. கதவு மூடியிருந்தால் பொத்தான் அமுங்கிக் கிடக்கும். கரண்டுக்கு வழி இல்லை. கதவைத் திறந்தால் பொத்தான் வெளியே துள்ளும். வழி கிடைத்துவிடும். ஹாரன் கத்தும். திரும்ப மூடினால் நின்றுவிடும். சொந்தக்காரன் சத்தமில்லாமல் ஏற வேண்டுமே? அதற்குப் பின் சக்கரத்து மட்காடுக்குள் ஒரு ரகசிய ஸ்விட்ச். வெளியிலிருந்தே கையை விட்டு அதை அணைத்துவிட்டுத்தான் குழந்தைவேல் கதவைத் தொடுவான்.

மணவாளன் முதலில் எலியைச் சந்தேகப்பட்டான். ஒயரின் தோலை எலி கடித்திருந்தால் உள்ளே இருக்கும் செம்பு வண்டியின் இரும்பில் பட்டு ஹாரன் அடிக்கும். பார்த்தான். கடித்துத்தான் இருந்தது. புது ஒயர் போட்டான். மறுநாள் உச்சியில் ஹாரன் அடித்தது.

அடுத்து வெயில். சூட்டில் இரும்பு விரியும். கதவு ஒரு நூல் நகர்ந்தால் பொத்தான் துள்ளலாம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் வைத்து இறுக்கினான். பொத்தானையும் புதிதாக மாற்றினான். மறுநாளும் அடித்தது.

பிறகு ஸ்டியரிங் பக்கத்துப் பொத்தானின் ஒயரைக் கழற்றினான். அப்போதும் அடித்தது. ஆக, கோளாறு வலது பக்கத்துக் கதவில். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் ஏறும் கதவு அது.

அந்தக் கதவில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க நினைத்தான். கிழவி ஓடி வராமலிருக்க ஹாரனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன பல்பை மாட்டினான். சத்தத்துக்குப் பதில் வெளிச்சம், அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்தான்.

உச்சி வேளை...

பல்பு எரிந்தது.

கதவைப் பார்த்தான். மூடியே இருந்தது. ரப்பர் கூட நகரவில்லை.

எங்கிருந்தோ நனைந்த சாக்கின் வாசனை வந்தது. அடைமழையில் கிடந்து மக்கிய சாக்கு. வெளியே வெயில் கொளுத்துகிறது.

பல்பு அணைந்தது. வலது பக்கத்து சீட்டின் ஸ்பிரிங் மெதுவாக... க்ரீச்... என்று அமுங்கியது. வண்டி அந்தப் பக்கமாக நாலு விரல் சாய்ந்தது. நிமிரவில்லை.

மணவாளனுக்குப் பயம் வரவில்லை. அதுதான் விசித்திரம். நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல மனசு மரத்துக் கிடந்தது. எத்தனை கிலோ இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

தட்டோடு தையலம்மாள் உள்ளே வந்தாள். சத்தம் இல்லாவிட்டாலும் நேரம் அவளுக்குத் தெரியும். சாய்ந்த வண்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இன்னிக்கு இருக்கியாப்பா? இரு, இரு, ஊட்டி வுடறேன்."

ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து உருட்டி, வலது கையைப் பக்கத்து சீட்டை நோக்கி நீட்டினாள்.

அப்போதுதான் மணவாளனுக்குப் பொறி தட்டியது. ஹாரன் அடித்தது ஏன்? ஸ்விட்சை அணைக்காமல் கதவைத் திறந்ததால். குழந்தைவேலாக இருந்தால் அணைத்துவிட்டல்லவா திறப்பான்? அதுவும் இந்தப் பக்கம் ஏன் ஏறுகிறான்? அவன் ஸ்டியரிங் பக்கம் அல்லவா ஏறுவான்?

"ஆத்தா... எறங்கு. அது உம் புள்ள இல்ல."

அவள் திரும்பவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. வாயிலிருந்து பனிக்காலம் போல வெள்ளையாக மூச்சு வந்தது. தலை மெல்ல மெல்ல ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தது.

கழற்றி வைத்த ஹாரன் காலடியில் கிடந்தது. மணவாளன் அதை வண்டியின் இரும்பில் அழுத்திப் பிடித்து, அதன் ஒயரைப் பேட்டரி முனையில் வைத்தான்.

கொட்டகை அதிர்ந்தது. பல்பு எரிந்தது. சீட்டு எழும்பி வண்டி நிமிர்ந்தது. பல்பு அணைந்தது. வாசனை போய்விட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஆதிலட்சுமியும் அவனுமாகத் தையலம்மாளைத் தூக்கி வந்து வெயிலில் கிடத்தினார்கள். உயிர் இருந்தது. ஆனால் அந்த வலது கை... சூடு போட்டாலும் தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியவில்லை. ஆதிலட்சுமிதான் ஊட்டுகிறாள்.

கண்ணைத் திறந்ததும் கிழவி சொன்ன முதல் வார்த்தை: "நாளைக்கும் போவேன்."

"வண்டிய வித்துடு தங்கச்சி," என்றான் மணவாளன்.

"அத்தை உசுரோட இருக்கற வரைக்கும் விக்க விட மாட்டாங்க. பூட்டுப் போட்டா பூட்ட ஒடைப்பாங்க." ஆதிலட்சுமி அத்தையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கொம்யூன்ல கீற ஊருங்கள்ல இந்த வண்டியத் திருட யாரு கீறாங்க, எதுக்கு இந்த ஏற்பாடுன்னு அவரக் கேட்டேன் அண்ணே. சிரிச்சாரு. அவரு போன அன்னிக்குக் காலைல ஹாரன் வேல செய்யல. பேட்டரி எறங்கிப் போச்சு. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணாங்க. சார்ஜ் போட உங்க கடைக்குத்தான் வந்துக்கினு இருந்தாரு... வழியில வண்டி நின்னு போச்சு."

மணவாளன் கொட்டகைக்குள் போனான்.

பல்பைக் கழற்றி ஹாரனைப் பழையபடி மாட்டினான். மட்காடுக்குள் இருந்த ஸ்விட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதன் இரண்டு ஒயர்களையும் நேராகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினான். இனி யாராலும் அணைக்க முடியாது. பேட்டரி இரண்டு. ஒன்று வண்டியில் இருக்கும்போது மற்றது கடையில் சார்ஜில் இருக்கும். ஞாயிறுதோறும் உச்சிக்கு முன்னால் மாற்றிவிடுகிறான். ஹாரன் வேலை செய்கிறவரை, கதவைத் திறந்தாலும் அது ஏறுவதில்லை.